தூணிடம் பேசுகிறோம்

திருவனந்தபுரத்துக்கு வெளியே, கழக்கூட்டம் தாண்டி ஒரு மசாலாத் தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்த அன்றே மனிதவள அதிகாரி பாடம் நடத்தினார். வலியசாலை அக்கிரகாரத்துக்காரர். நான் கரமனை அக்கிரகாரம் என்றதும் வீட்டுத் தமிழுக்கு இறங்கிவிட்டார்.

"நீலச் சட்டை நம்மாத்து மனுஷா. பச்சை காண்ட்ராக்ட். அவாகிட்ட நேரா ஒண்ணும் சொல்லப்டாது, கேட்டியா. காண்ட்ராக்டரோட சூப்பர்வைசர்கிட்ட சொல்லு, அவன் சொல்லுவான்."

"பக்கத்துல நின்னாலுமா சார்?"

"மூக்கு இடிச்சாலும். நாம வேலை ஏவினா, கோர்ட்ல அவா நம்ம தொழிலாளின்னு ஆயிடும்."

தேடிப் படித்தேன். யார் வேலை ஏவுகிறார்கள் என்று நீதிமன்றம் பார்ப்பது உண்மைதான். தொழிலாளியைக் காக்க வந்த கேள்வி அது. அதற்கு இவர்கள் கண்டுபிடித்த பதில் இந்த ஊமை நாடகம். பெல்ட்டின் வேகத்தைக் குறைக்கச் சொல்லி சூப்பர்வைசரிடம் நான் சொல்வேன். எங்கள் இருவருக்கும் நடுவில் பச்சைச் சட்டையில் நிற்கும் தென்காசி அக்கா ஒன்றும் கேட்காதவர்போல் இருப்பார். அதையே சூப்பர்வைசர் மலையாளத்தில் திருப்பிச் சொன்ன பிறகுதான் அக்கா வேகக் குமிழைத் திருகுவார்.

பெல்ட் உருளைக்குள் கை போகாமல் தடுக்கும் மூடி, சுத்தம் செய்யக் கழற்றியது, ஒரு வாரமாகச் சுவரில் சாய்ந்து கிடந்தது. திருகாணி தொலைந்துவிட்டது. காண்ட்ராக்டர் கேட்டால்தான் வாங்குவோம் என்றது கம்பெனி. மெஷின் கம்பெனியுடையது என்றார் காண்ட்ராக்டர்.

அன்று ஒரு பாக்கெட் சிக்கியது. அக்கா ஓடும் உருளைக்குள் கையை நீட்டினார். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போயிருந்தார். "அக்கா, கைய எடுங்க" என்று கத்திக்கொண்டே பெல்ட்டை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். "சூப்பர்வைசர வரச் சொல்லியிருக்கலாமேடா."

"அதுக்குள்ள கை போயிருக்கும் சார்."

"அத காண்ட்ராக்டர் பாத்துப்பான்."



மறுநாளும் மூடி சுவரில்தான் இருந்தது. அக்கா அருகில் போய், எதிரே இருந்த தூணைப் பார்த்துச் சொன்னேன்: "பாக்கெட் சிக்கினா கை விடக் கூடாது. பெல்ட்ட நிறுத்தணும்."

அக்காவும் தூணைப் பார்த்தார். "நிறுத்துனா சூப்பர்வைசர் ஏசுவாரே, தூணு சார்."

"ஏசட்டும். தூண் பாத்துக்கும்."

மத்தியானம் மறுபடி சிக்கியது. அக்கா பொத்தானை அழுத்தினார். பெல்ட் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்து, யார் நிறுத்தச் சொன்னது என்று மலையாளத்தில் சீறினார்.

அக்கா பாக்கெட்டை உருவி எடுத்தார். அதே கையால் தூணைக் காட்டினார்.