கழித்தால் பூஜ்யம்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மோட்டார் போர்டு பழுதுபார்க்கும் பதருன்னிசாவுக்குக் கரண்டு என்றாலே குலைநடுக்கம். இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று கேட்காத ஆளில்லை. கணவன் அமீர் கடை வைத்திருந்தான், அவள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்திருந்தாள், வந்து மாட்டிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அமீருக்கோ பயம் மருந்துக்கும் கிடையாது. கரண்டைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பின் எர்த் கிளிப்பை, ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் கண்ட இடத்தில் மாட்டுவான். ஒருநாள் அது வெடித்துப் புருவம் கருகியது. அன்று அவள் அழுத அழுகையில்தான் கிளிப் மாட்டுவதே நின்றது. அதற்குப் பதில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு முனைகளில், தொட்டு அளக்கும் ஊசிபோல இரண்டு புரோப். ஸ்கோப்பில் மேத் பொத்தானை அமுக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கச் சொன்னால் போதும். வித்தியாசம் மட்டும் சிவப்புக் கோடாக வரும். அதன்பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகச் சோறு இறங்கியது.

போன ஐப்பசியில் நெம்மேலிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறதென்று கூப்பிட்டார்கள். மோட்டார் அறைத் தரை முழுக்க உப்புத் தண்ணீர். வாசலிலேயே அவளுக்குக் கால் கூசியது. அமீர் ரப்பர் செருப்பைக் கூடக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டான், வழுக்குகிறதாம்.

போர்டில் ஒரு ரெசிஸ்டரின் இரு பக்கமும் புரோப்களை மாட்டினார்கள். திரையில் மூன்று கோடுகள் பின்னிக்கொண்டு கிடந்தன.

"இன்னா பதரு, ஒரே பேஜாரா கீது. அந்த ரெண்டையும் தூக்கு, செவப்பு மட்டும் போதும்" என்றான்.

இரண்டு புரோப்களின் கோடுகளையும் மறைத்தாள். மோட்டார் ஓடும்போது சிவப்புக் கோடு துள்ளியது. லூசான ஒயரைப் பார்த்துவிட்ட அமீர், சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தான். மோட்டார் நின்றது.

"கோடு வியுந்துச்சா?"

"ஆங், பூஜ்யம்."

அந்த ஒயரை முடுக்க, அவன் போர்டு இருந்த பெட்டிக்குள் கையைக் கொண்டுபோனான். பதருன்னிசா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். கழித்தால் பூஜ்யம். இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லாவிட்டாலும் பூஜ்யம்தான். இரண்டு பக்கமும் ஒரே அளவு கரண்டு நின்றாலும்...

"ஏங்க! கைய எடுங்க! அல்லாவே, கைய எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அமீர் பின்னால் நகர்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். அவள் மறைத்த கோடுகளைத் திரும்பக் கொண்டுவந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக, ஆள் கொல்லும் உயரத்தில் இரண்டு அலைகள். எவனோ சுவிட்சைக் கரண்டு வரும் பேஸ் ஒயரில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் வைத்து ஒயரிங் செய்திருக்கிறான். மோட்டார்தான் நின்றதே தவிர, போர்டு முழுக்க உயிரோடு இருந்தது.

மெயினை இறக்கிவிட்டு வந்த அமீர், ஓரமாகக் கிடந்த ரப்பர் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அதற்குப்பின் அவன் ரொம்பவே மாறிவிட்டான். எந்தப் பெட்டியைத் திறந்தாலும், கையை அந்தரத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்க்கிறான்.

"பதரு, கைய வெக்கட்டா?"

ஊரே மெச்சுகிறது. அவளுக்குத்தான் இது புதுப் பயம். முன்பு அவன் செத்தால் அது அவன் திமிர். இனி அது அவள் சொன்ன வார்த்தை. மூன்று கோடுகளையும் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "உம், வைங்க" என்கிறாள். அவன் கை வெளியே வரும்வரை அவளுக்கு மூச்சு ஓடுவதில்லை.