வேல்விழியின் முதுகு

குளியலறைத் தரையில் வேல்விழி மல்லாந்து கிடந்தாள். அவள் வயிற்றின் மேல் பாதி உடம்பைச் சாய்த்தபடி மாமனார் முத்துராமலிங்கம் கிடந்தார்.

"ஏட்டி, ஒரு ஆளைப் பிடிக்கத் தெரியாதா? இதுக்குத்தான் உன்னக் கெட்டிக்கிட்டு வந்தோமா?" என்று அவள் காதருகிலேயே கத்தினார். பக்கவாதம் அவருடைய இடது கையையும் காலையும்தான் எடுத்திருந்தது. நாக்கை விட்டுவைத்திருந்தது.

சத்தம் கேட்டு அவள் கணவன் வேல்ராஜ் ஓடி வந்தான். அப்பாவைத் தூக்கினான், ஈரம் துடைத்தான், வேட்டி மாற்றிக் கட்டிலில் படுக்க வைத்தான், குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அதன் பிறகுதான் குளியலறைக்குத் திரும்பி வந்து எட்டிப் பார்த்தான்.

"இன்னும் எந்திரிக்கலையா நீ?"

அவளால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ கம்பியை விட்டு முறுக்குவது போல வலித்தது.

வேல்விழி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற வழியில் வேல்ராஜுக்கு ஒரு லாட்ஜ் இருந்தது. ஒரே மகள் ஜெயசித்ரா கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மாமனார் போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல ஆகிருதி. படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வெளியாள் யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். தூக்குவது, உட்கார்த்துவது, கழுவி விடுவது எல்லாம் மருமகள்தான். அவள் முதுகு வலிக்கிறது என்று சொன்னபோதெல்லாம் வேல்ராஜ் ஒரு தைலப் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தான்.

திருநெல்வேலி டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, முதுகெலும்புக்கு நடுவிலுள்ள டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, இனிமேல் குடத்தைக்கூடத் தூக்கக்கூடாது என்றார். வேறு வழியில்லாமல் வேல்ராஜ் தன் லாட்ஜில் வேலை பார்த்த பிச்சையாவை அப்பாவுக்குத் துணையாக அனுப்பி வைத்தான். பிச்சையா கை வைக்கும்போதெல்லாம் கிழவர் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் காதில் வாங்காமல் தூக்கினான்.

மருந்தோடு உடற்பயிற்சியும் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட்தான் ஷெர்லின் பெயரைச் சொன்னாள். சென்னையில் பிலாட்டீஸ் என்ற உடற்பயிற்சி முறையைப் படித்துவிட்டு மேலகரத்துக்கே திரும்பி வந்து, வீட்டு மாடியில் ஒற்றை மெஷினோடு சொல்லிக்கொடுக்கிற பெண். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான். கதவைச் சாத்திவிடுவாள். அதனால்தான் வேல்விழி துணிந்து போனாள். சேலையைக் களைந்து சுடிதார் பேண்டோடு நாலு பேர் முன்னால் காலைத் தூக்க அவளால் முடியாது.

மெஷின் ஒரு கட்டில் போல இருந்தது. படுக்கிற பலகை ஸ்பிரிங் இழுப்பில் முன்னும் பின்னும் நகர்ந்தது. முதல் நாள் ஷெர்லின் அவளை அதில் ஏற்றவே இல்லை. தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்து, விலா எலும்பில் கை வைத்து, மூச்சை அந்தக் கைக்கு அனுப்பச் சொன்னாள்.

"அக்கா, நீங்க மூச்சையே பாதிதான் விடுதீங்க. யாருக்குப் பயந்து பிடிச்சு வச்சிருக்கீங்க?"

வேல்விழி சிரித்தாள். சிரித்ததும் முதுகில் சுரீர் என்றது.

வெயில் காலம் முழுக்கப் போனாள். ஷெர்லின் அவசரப்படுத்தவில்லை. வயிற்றை உள்ளே இழுத்து இடுப்பை மெல்ல உயர்த்துவது, முழங்காலில் நின்று ஒரு கையை நீட்டுவது, பிறகு மெஷினில் படுத்துப் பாதத்தால் பலகையைத் தள்ளுவது. ஒரு காலையில் வேல்விழி பல் தேய்க்கக் குனிந்தாள், துப்பினாள், நிமிர்ந்தாள். நிமிர்ந்த பிறகுதான் வலிக்கவில்லை என்பது உறைத்தது. கண்ணாடியைப் பார்த்து இன்னொரு தரம் குனிந்தாள்.

அந்தச் சந்தோஷத்தைக் கணவனிடம் காட்டியதுதான் அவள் செய்த பிழை. ஹாலில் பாயை விரித்து, படுத்து, இடுப்பைப் பாலம் போல உயர்த்தி நிறுத்தினாள். "பாத்தீங்களா? முன்னாடி ஒரு விரக்கடை தூக்க முடியாது."

வேல்ராஜ் போனில் அதை வீடியோ எடுத்தான். அவள் மகிழ்ந்து, இன்னும் கொஞ்ச நேரம் இடுப்பை அப்படியே நிறுத்திக் காட்டினாள். அவன் அதைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான். கீழே எழுதினான்: இடுப்பு முறிஞ்சவ பண்ணுற வித்தையப் பாருங்க.

மதுரையிலிருந்து அவன் தங்கை உமாராணியின் குரல் பதிவு வந்தது. "மதினி, அம்புட்டு நல்லா வளையுதீங்க. எங்கப்பாவத் தூக்கத்தான் வளையலையோ?" அதற்குக் கீழே உறவுக்காரர்கள் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வேல்ராஜ் அதைச் சத்தமாக வைத்து அப்பாவுக்கும் கேட்கக் கொடுத்தான்.

சாரல் விழுந்து சீசன் ஆரம்பித்தது. லாட்ஜில் ரூம் எல்லாம் நிறைந்துவிட்டது. வேல்ராஜ் பிச்சையாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான்.

"அவன் போயிட்டா மாமாவ யாரு தூக்க?" என்று வேல்விழி கேட்டாள்.

"நீதான் இப்ப நல்லா இருக்கியே. வீடியோ இருக்குல்லா."

விஷயம் தெரிந்ததும் ஷெர்லின் வீட்டுக்கே வந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னாள். "அண்ணாச்சி, வலிதான் கொறஞ்சிருக்கு. டிஸ்க் அப்படியேதான் இருக்கு. ஆளைத் தூக்குனா நரம்பு போயிரும். வேற யாரையாவது வைங்க."

"தூக்க முடியாதுன்னா இத்தன மாசம் நீ என்ன சொல்லிக்குடுத்த? டான்ஸா?" என்றான் வேல்ராஜ். அன்றோடு வகுப்பை நிறுத்தினான்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, மாமனாரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும்போது வேல்விழியின் முதுகுக்குள் எதுவோ நழுவியது. இம்முறை வலி காலுக்கு இறங்கி, அப்புறம் வலியே இல்லாமல் மரத்தது. இடது செருப்பு காலில் நிற்காமல் கழன்று விழுந்தது. அது விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

வேல்ராஜுக்குப் போன் போட்டாள். பின்னால் அருவிக்கு வந்த கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. "சனி ஞாயிறு கூட்டம் வடியட்டும். திங்கக்கெழம பாப்போம். படுத்துக் கெட."

திங்கட்கிழமை மாலைதான் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனான். அன்றிரவே ஆபரேஷன் செய்தார்கள். முதுகு தப்பியது. இடது பாதம் மட்டும் தொங்கிப்போனது. நடந்தால் தரையில் இழுபட்டது. "மரத்த அன்னைக்கே வந்திருந்தா பாதம் தப்பிச்சிருக்கும், சார். ஏன் லேட் பண்ணுனீங்க?" என்று டாக்டர் கேட்டார். உமாராணியும் மற்ற உறவுக்காரர்களும் அப்போது கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

வேல்ராஜ் அவர்கள் முகங்களைப் பார்த்தான். "அந்த பிலாட்டீஸ்காரிதான் எம்பொண்டாட்டி முதுகக் கெடுத்துட்டா," என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. வேல்விழி வாக்கர் பிடித்து நடக்கத் தொடங்கியதும் அவளைக் காரில் ஏற்றி, அவள் தம்பிகளான இரண்டு மச்சினன்மாரையும் கூட்டிக்கொண்டு ஷெர்லின் வீட்டு முன்னால் போய் நின்றான். தெருவே கூடியது. ஷெர்லின் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வாக்கரையும் தொங்குகிற பாதத்தையும் பார்த்து அவள் முகம் வெளிறியது.

"எல்லார் முன்னாடியும் சொல்லு. இவகிட்ட வந்துதான உனக்கு இப்படி ஆச்சு?"

வேல்விழி ஷெர்லினைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

ஷெர்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஒரு மச்சினன் படியேறிப் போய் மெஷினைக் கவிழ்த்த சத்தம் கேட்டது. ஸ்பிரிங்குகள் கழன்று படிக்கட்டில் உருண்டு வந்தன. அவளுடைய அம்மா அழுதுகொண்டே அவற்றைப் பொறுக்கினாள். அதற்கப்புறம் ஷெர்லினிடம் யாரும் படிக்க வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குப் போய்விட்டாள்.

முத்துராமலிங்கம் திடமாகத்தான் இருக்கிறார். காலையில் இரண்டு முட்டை சாப்பிடுகிறார். அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஜெயசித்ராவைப் படிப்பிலிருந்து நிறுத்தி அழைத்து வந்துவிட்டார்கள். பிச்சையா லாட்ஜில்தான் இருக்கிறான். பொம்பளப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு வெளி ஆணை எப்படி உள்ளே விடுவது என்று வேல்ராஜ் கேட்கிறான். அப்பாவை இப்படித் தாங்குகிற மகன் கிடைக்க மாட்டான் என்று உறவில் அவனுக்கு நல்ல பெயர்.

ஒருநாள் அம்மாவின் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜெயசித்ரா கேட்டாள். "அந்த அக்கா உனக்கு நல்லதுதானம்மா செஞ்சா? ஏன் ஆமான்னு சொன்ன?"

வேல்விழி சேலையை இழுத்துப் பாதத்தை மூடினாள்.

"அவ வேற ஊருக்குப் போயிருவா. நான் இந்த வீட்டுலதானட்டி கெடக்கணும்."

ஜெயசித்ரா பாட்டிலை மூடினாள். தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைக்கிற நேரமாகியிருந்தது.