ஐந்து நிமிடம் சும்மா இருந்த கணக்கு டீச்சர்

பத்தாம் வகுப்பு இருக்கும் மூன்றாம் மாடிக்கு அறுபத்தாறு படிகள். முப்பது வருடமாக அவற்றை மூச்சுவிடாமல் ஏறிய கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் இன்ஜின். ஐம்பத்தாறு வயதில், போன மாதம், அந்த இன்ஜின் நாற்பதாவது படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. அதைத் தலைமையாசிரியர் பார்த்துவிட்டார்.

"இதயம் நல்லாத்தான் இருக்கு, வேலை அலுப்புன்னு டாக்டர் சொல்லிட்டாரே சார்!"

"சரி டீச்சர். மாடி ஏறி அஞ்சு நிமிஷம் ஓய்வெடுத்ததும் நாடி நூறுக்குக் கீழ வரணும். வரலைன்னா பத்தாம் வகுப்பு வேற ஆளுக்கு. நீங்க கீழே நூலகத்துல."

பத்தாம் வகுப்பு இல்லாத பள்ளிக்கூடமா? கணக்கு டீச்சர் உடனே சோதனைக்கு ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சோதனை. "துணைக்கு நானும் ஏறுறேன்க்கா" என்று இருபத்தாறு வயது அறிவியல் டீச்சரும் சேர்ந்துகொண்டாள். இருவரும் ஏறினார்கள், நாற்காலியில் சாய்ந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து பள்ளி நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார்.

"பெரியவங்களுக்கு நூத்திப் பதினெட்டு. சின்னவங்களுக்கு நூத்திப் பதினாறு."

"முப்பது வருஷத்துக்கு ரெண்டே ரெண்டுதான் வித்தியாசமா?" தலைமையாசிரியர் வாயைப் பிளந்தார்.

நர்ஸ் அப்போதுதான் குனிந்து பார்த்தார். கணக்கு டீச்சர் மடியில் விடைத்தாள் கட்டு, விரலிடுக்கில் சிவப்புப் பேனா.

"இது என்னம்மா?"

"சும்மாதானே உக்காந்திருக்கேன், நாலு பேப்பர் திருத்தலாம்னு..."

"இதுக்குப் பேரு ஓய்வா? சின்னவங்க நீங்க என்னம்மா பண்ணீங்க?"

அறிவியல் டீச்சர் கைப்பேசியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "பெற்றோர் குரூப்ல ஒரு கேள்விதான்... பதினேழு பேர் கேட்டிருந்தாங்க."

மதியம் மறு சோதனை. இருவரும் மறுபடி அறுபத்தாறு படியும் ஏறி உட்கார்ந்தார்கள். பேனா, கைப்பேசி இரண்டும் நர்ஸ் பெட்டிக்குள். செய்தி பரவி, தாழ்வாரம் முழுக்கத் தலைகள். கணக்கு டீச்சர் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார். இரண்டாவது நிமிடத்தில் பத்தாம் வகுப்பிலிருந்து 'டமால்' என்று ஒரு சத்தம்!

"என் பிள்ளைங்க..."

"உக்காருங்க! பெஞ்ச் உடைஞ்சா தச்சர் பார்த்துக்குவாரு."

உட்கார்ந்தார். கண்ணை மூடினார். பெட்டிக்குள் கைப்பேசி விர்ரென்று அதிர, பக்கத்து நாற்காலி நெளிந்தது. நர்ஸ் எண்ணத் தொடங்கியதும் தாழ்வாரம் மூச்சைப் பிடித்தது.

"சின்னவங்களுக்கு நூத்தி ஆறு. பெரியவங்களுக்கு... தொண்ணூத்தி நாலு!"

பள்ளிக்கூடமே அதிர்ந்தது. "அக்கா, என்னை ஜெயிச்சிட்டீங்க!" என்று அறிவியல் டீச்சர் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"பத்தாம் வகுப்பு உங்களுக்குத்தான்" என்றார் தலைமையாசிரியர். "ஆனா, மேலே போனதும் முதல் அஞ்சு நிமிஷம் பேனாவும் தொடக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது."

திங்கட்கிழமை கணக்கு டீச்சர் வகுப்புக்குள் நுழைந்து, நாற்காலியில் அமர்ந்து, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் கடிகாரத்தையே பார்த்தார்கள்.

"அஞ்சு... நாலு... மூணு... ரெண்டு... ஒண்ணு!"

இன்ஜின் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு கரும்பலகைக்குப் பாய்ந்தது.