‘மேல் கட்டில்’ யாருக்கும் பிடிக்கவில்லை

காலையில் எங்களை வேலைத்தளத்துக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் குற்றாலத்துப் பாட்டு ஒன்று ஓடுகிறது. ஓட்டுபவர் ராஜஸ்தான்காரர், பன்வாரி பாய். தமிழில் ஒரு சொல் தெரியாது. ஆனாலும் ‘மெயினருவில கூட்டம் மாப்ள, ஐந்தருவிக்கு ஓட்டம் மாப்ள’ என்று வரும் இடத்தில் ஸ்டியரிங்கில் தாளம் போடத் தவறமாட்டார். ஒருநாள் என்னிடம், இது என்ன, கல்யாணப் பாட்டா என்று இந்தியில் கேட்டார். இல்லை பாய், எங்கள் ஊர்ப் பக்கத்து அருவி, சீசன் வந்தால் ஊரே போய் வரிசையில் நின்று குளிக்கும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். மனிதருக்கு முகம் வாடிவிட்டது. “அடப்பாவமே, உங்களுக்கு வீட்டுக்குத் தண்ணீர் வராதா?” என்றார். சாரலில் தலை நனைய நின்று மிளகாய் பஜ்ஜி தின்பதன் ருசியை நான் எந்த இந்தியில் விளக்க? ஆமாம் பாய், வராது என்று சொல்லிவிட்டு ஷார்ஜாவின் மணல் நிறக் கட்டடங்களை வேடிக்கை பார்க்கத் தொடங்கினேன்.

அந்தப் பாட்டைப் பாடியவன் சாகுல். வடகரைக்காரன். ராப் பாடகன் என்று இன்றைக்கு ஊரெல்லாம் தெரியும்; அன்றைக்கு எங்கள் அறையின் மேல் கட்டிலில் கிடந்த ஏசி மெக்கானிக். அந்த முதல் ஆல்பம் முழுவதையும் அவன் அந்தக் கட்டிலில்தான் பதிவு செய்தான். தலைவழியாகக் கம்பளியை இழுத்து மூடிக்கொண்டு, உள்ளே போனை வைத்து, மூச்சு வாங்க வாங்கப் பாடுவான். ஏசியின் இரைச்சல் பதிவாகிறது என்று அதை நிறுத்தச் சொல்வான். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிறவன் எங்கள் ஏசியை அணைக்கிறான்! அறையில் எட்டுப் பேர், ஆடி வெயிலில், சட்டையைக் கழற்றி விசிறிக்கொண்டு, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். “ஏலே சாகுலு, இந்தத் தடவையாவது ஒழுங்காப் பாடி முடிலே, உயிரு போகுது” என்று ஆலங்குளத்துச் செல்வராஜ் அண்ணாச்சி கெஞ்சுவார். அறையில் மூத்தவர் அவர்தான். திட்டிக்கொண்டே அவனுக்குச் சுக்குக் காப்பியும் போட்டுக் கொடுப்பார்.

விசா முடிந்து ஊருக்குப் போன சாகுல் அந்தப் பாட்டுகளை வெளியிட்டான். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தென்காசியில் கல்யாண வீடு, கோவில் கொடை, காலேஜ் ஆண்டு விழா, எங்கும் அதுதான். சினிமாக்காரர்கள் ஒரு பாட்டை வாங்கிக்கொண்டார்கள். எங்கள் அறைக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணாச்சி பலசரக்குக் கடைக்குப் போனாலும், “இது எங்க ரூம் பய பாடுனது, இந்தா இந்தக் கட்டில்லதான்” என்று மலையாளிக் கடைக்காரரிடம் போனில் கட்டிலின் படத்தைக் காட்டுவார். நாங்கள் புழுங்கிச் செத்ததற்கு ஓர் அர்த்தம் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் பெருமை.

இரண்டாவது ஆல்பம் இந்த வருஷம் வந்தது. பெயர், ‘மேல் கட்டில்’. அருவி இல்லை, மாப்ள இல்லை, குத்து இல்லை. முழுக்க முழுக்க இந்த அறை. வந்த அன்றே வசவு தொடங்கியது. நான் வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் உட்கார்ந்து யூடியூபில் கருத்துகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறேன். வேண்டாத வேலைதான், விட முடியவில்லை. ‘அண்ணே, தூக்கம் வராதவங்களுக்கு நல்ல ஆல்பம்.’ ‘சினிமா போனதும் பயலுக்கு மண்டைக்கனம்.’ ‘ஒப்பாரிக்கு எதுக்கு பீட்டு?’ ‘குத்தாலம் பார்ட் டூ எப்போ?’ என்று மட்டும் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். சென்னையில் ஒரு விமரிசகர் தன் வீடியோவில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நேர்மை இருக்கிறது, திரும்ப முணுமுணுக்க ஒரு வரி இல்லை என்றார். ஏன் ஐயா, முணுமுணுக்கவா அவன் எழுதினான்?

ஊரில் இருப்பவர்கள் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஆட வேண்டும், ஆட முடியவில்லை. ஆனால் மிகக் கேவலமாகத் திட்டியவர்கள் யார் தெரியுமா? எங்கள் ஆட்கள். வளைகுடா முழுக்க இருக்கிற தென்காசி, கடையநல்லூர், வடகரைப் பையன்கள். ‘பொய் சொல்லாதலே, நாங்க நல்லாத்தான் இருக்கோம்’ என்று வரிசையாக எழுதினார்கள். காரணம் ஆல்பத்தின் மூன்றாவது பாட்டு.

எங்கள் அறையில் ஒரு சுவர் மட்டும் அழகாக இருக்கும். அண்ணாச்சி சந்தையிலிருந்து ரோஜாப்பூப் போட்ட தாள் வாங்கிவந்து ஒட்டினார். ஒருவன் பிளாஸ்டிக் செடி வாங்கினான். ஒருவன் குப்பைத்தொட்டிப் பக்கம் கிடந்த நல்ல நாற்காலியைத் தூக்கி வந்தான். வீட்டுக்கு வீடியோ கால் பேசுகிறவன் குளித்து, சட்டை மாட்டி, அந்த நாற்காலியில்தான் உட்கார்வான். அவன் பேசி முடிக்கும்வரை யாரும் லுங்கியோடு குறுக்கே போகக்கூடாது, குக்கர் வைக்கக்கூடாது. எங்கள் அறையில் மட்டுமில்லை, நான் போன எல்லா அறையிலும் இப்படி ஒரு சுவர் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. சாகுல் அதைப் பாடிவிட்டான்:

‘மூணு செவுத்துல மூட்டப்பூச்சி,
நாலாஞ் செவுத்துல ரோசாப்பூ,
போனை மட்டும் திருப்பிராத,
பொட்டப்புள்ள பாத்துருவா.’

அண்ணாச்சி அதைக் கேட்ட அன்று சாப்பிடவில்லை. “பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தோமே, இப்படியால அவுத்துப் போடுவான்? எம்மவளுக்கு மாப்பிள்ளை பாக்காங்கலே. சம்மந்தி வீட்டுக்காரன் என்ன நெனைப்பான்?” என்றார். ஊரிலிருந்து அவர் மனைவி கூப்பிட்டு, அந்தப் பாட்டு பொய்தானே என்று கேட்டபோது, சுத்தப் பொய், அவன் காசுக்காகப் பாடுதான் என்று ரோஜாப்பூத் தாளின் முன்னால் உட்கார்ந்தே சொன்னார். பிறகு எங்கள் எல்லோரையும் அந்தப் பாட்டுக்குப் பிடிக்கவில்லை என்று அமுக்கச் சொன்னார். நான் அமுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எனக்கு அந்த ஆல்பம் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுகூடச் சரியில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டை என் மனைவி செல்வி கேட்பாள், கேட்டால் உண்மை தெரியும், தெரிந்தால் ‘போதும், வந்துருங்க’ என்று சொல்வாள். அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன். நானாகப் போனால் ஓடிவந்தவன். அவள் கூப்பிட்டுப் போனால் குடும்பஸ்தன். எங்கள் ஊரில் இதற்கு நடுவில் வேறு வழி கிடையாது.

இதற்கிடையில் சாகுல் என்னைக் கூப்பிட்டான். குரலே செத்துப்போயிருந்தது.

“அண்ணே, நீ கேட்டியா?”

“கேட்டேன்டா. எல்லாப் பாட்டும் கேட்டேன்.”

“எப்படிண்ணே இருக்கு?”

“நல்லாருக்குடா. அதாம்ல பிரச்சினை.”

“உங்களுக்காவத்தான் பாடுனேன். நீங்கள்லாம் கொண்டாடுவீங்கன்னு நெனச்சேன். ரூம்ல இருந்து ஒருத்தரும் போன் எடுக்க மாட்டேங்காங்க. அண்ணாச்சி என்னைய பிளாக் பண்ணிட்டாருண்ணே” என்று அழுதான். அத்தனை கூட்டத்துக்கு முன்னால் மேடையில் துள்ளுகிறவன் சின்னப்பிள்ளை மாதிரி தேம்பினான். போன மாதம் அறிவித்துவிட்டான், அடுத்தது குற்றாலம் இரண்டாம் பாகமாம். அந்த அறிவிப்புக்குக் கீழே இதயமும் நெருப்புமாகக் கொட்டிக் கிடக்கிறது.

செல்வி ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடியோவில் வந்தாள். பின்னால் எங்கள் தென்காசி வீட்டு ஜன்னல், வெளியே மழை இருட்டு. கொஞ்சநேரம் மகள் யாழினியின் பள்ளிக்கூடக் கதைகளைப் பேசினாள். பிறகு அவளை வெளியே போகச் சொல்லிவிட்டு, “ஏங்க, அந்தப் பய பாட்டுல சொல்லுதது உங்க ரூமா?” என்றாள்.

“ஆமா.”

“போனைத் திருப்புங்க.”

திருப்பினேன். இரட்டை இரட்டையாகக் கட்டில்கள், கம்பியில் காய்கிற உள்ளாடைகள், கூரை வரை அடுக்கிய பெட்டிகள், அரிசிச் சாக்கு, கேஸ் அடுப்பு. கீழ்க் கட்டிலில் படுத்திருந்த அண்ணாச்சி போனைக் கண்டதும் போர்வையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் மெதுவாக எல்லாவற்றையும் காட்டினேன். சொல்லு, இப்போது சொல்லு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“உங்க கட்டில் எது?” என்றாள். காட்டினேன். “தலமாட்டுல ஃபேன் இருக்கா?” என்றாள். இருக்கிறது என்று போனை என் பக்கம் திருப்பினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. உதடு அசைந்தது. நான் காதைப் போனோடு ஒட்டிவைத்தேன்.

“சரி. பத்திரமா இருங்க. வைக்கேன்” என்றாள்.

அவளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவள் அந்தச் சொல்லைச் சொன்னால் பிள்ளையின் பள்ளிக்கூடம் என்னாகும், பாதியில் நிற்கிற மாடி என்னாகும் என்று அவளுக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியாதா? அந்த ஆல்பத்தை ஊரில் எத்தனையோ பெண்கள் கேட்டு அழுதிருப்பார்கள். ஒருத்தியாவது வாங்க என்று கூப்பிட்டதாக நான் இன்றுவரை கேள்விப்படவில்லை. பாட்டு தோற்றது தாளத்தால் இல்லை. அதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல எங்களில் யாருக்கும் வசதியில்லை.

அதற்குப் பிறகு செல்வி வீடியோவில் வருவதில்லை. ஒருமுறை கேட்டேன். “வேண்டாங்க. அங்கன உங்களைப் பாத்தா இங்கன எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. குரல் கேட்டாப் போதும்” என்றாள். இப்போது வெறும் குரல்தான். நேற்று யாழினி பேசினாள். சைக்கிள், ஸ்கூல், சாரல் என்று எல்லாச் சொல்லிலும் காற்று புஸ்ஸென்று போனது. முன்பல் விழுந்திருக்கிறது. எந்தப் பக்கத்துப் பல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள்.