மூன்று தட்டு

மினிபஸ்ஸை நிறுத்தச் சொல்லவே கூச்சப்படுகிறவள் நான். வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய், திரும்பி நடந்து வருவேன். ஃபிஜித் தீவில் நான் இருக்கும் நசினு ஊரில் பாதிப் பேருக்கு என்னை இப்படித்தான் தெரியும். போன வாரம் மடியில் மரவள்ளிக்கிழங்குப் பையோடு உட்கார்ந்திருந்தேன். ஈரமண் வாசனை. டிரைவரின் ரேடியோவில் ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். குரல் பிடிபடவில்லை, சிரிப்பு பிடிபட்டது. ஜோனே.

நியூசிலாந்தில் கூடைப்பந்தையே தொழிலாக ஆடி, ஓய்வுபெற்று, இப்போது அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறானாம். தீவின் மறுபக்கம் தவுவாவில், முன்பு நாங்கள் இருந்த கரும்புக்காட்டுக்கு அடுத்த ஃபிஜியர் கிராமத்துப் பையன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆனால் ஒரு முழம் உயரம் கூட. பீப்பாய் வளையம் ஒன்றை அப்பா எங்கள் கொட்டகைச் சுவரில் அடித்துக் கொடுத்திருந்தார். ஜோனே அவசரப்பட்டுப் பந்தை எறிந்து தவறவிடுவான். அப்பா சொல்வார்:

"ஏன்டா, பஸ்ஸு போயிடுமா? மூனு தட்டு தட்டு. அப்புறம் போடு."

"சரி மாமா."

அவனோடு பேசுவதெல்லாம் இந்திதான்; ஆனால் கரும்புக்கட்டைத் தூக்கும்போது அப்பா தமிழில் சொல்கிற 'ஒன்னு, ரெண்டு, மூனு' அப்படியே பந்துக்கும் வந்தது. பந்து பொறுக்குவது என் வேலை. "அக்கா, நீயும் போடேன்" என்பான். ஒருமுறை போட்டேன். கோழிக்கூண்டில் விழுந்தது. பிறகு அவன் கேட்கவில்லை.

ஃபிஜியர் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று ரேடியோ சொன்ன அன்று, இந்தியர் வீடுகளை அடிப்பார்கள் என்று பயந்து அப்பா கேட்டைப் பூட்டினார். மறுநாள் சாயங்காலம் ஜோனேயின் குரல்.

"மாமா, அக்கா, வீட்ல இருக்கீங்களா?"

நாங்கள் ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடிப் பட்டைகளின் இடுக்கில் பார்த்தேன். தனியாகத்தான் நின்றான். அப்பா என் கையை இறுக்கினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அவன் போனபிறகு பார்த்தால், கேட்டருகில் ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு. அதை அவித்துத் தின்றோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, உப்பு போதவில்லை என்றுகூடச் சொன்னேன். அந்த வாரமே நசினுவுக்கு வந்துவிட்டோம். என் தம்பி மட்டும் ஆஸ்திரேலியாவுக்கு, பிரிஸ்பேன் போனான். ஜோனேவுக்கு யாரும் சொல்லவில்லை.

ரேடியோவில் அவன் சொன்னான்: "கலகம் வந்தப்ப மாமா வீட்டுக்குக் கிழங்கு கொண்டுபோனேன். அதுக்குள்ள வெளிநாடு போயிட்டாங்க. இருந்திருந்தா உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டிருப்பாங்க."

தனியாக நின்று கூடையில் போடவேண்டிய தருணங்களிலெல்லாம் மூன்று தட்டு தட்டி, அந்த மூன்று சொல்லையும் சொல்வானாம். அவனிடம் கற்கும் பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமல் சொல்கிறார்களாம். "அதுக்கு மேல மாமா சொல்லித் தரல" என்று சிரித்தான்.

டிரைவர் ரேடியோவைக் குறைத்துவிட்டுத் திரும்பினார்.

"வண்டியில மதராஸி யாராச்சும் இருக்கீங்களா? மூனுக்கு அப்புறம் என்ன?"

பள்ளிச் சீருடையில் இருந்த பெண் சொன்னாள்: "எங்கப்பா மதராஸிதான். அவருக்கே தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா உயிரோடு இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாணல். என் பிள்ளைகள் இந்தியில் எண்ணுகிறார்கள். அந்த வண்டியில் எனக்கு மட்டும் தெரியும். பையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். நாலு என்பது நாக்கு நுனியில் இருந்தது. என் நிறுத்தம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.