பால்சாமி சொன்னால் பெய்யாது

போடிநாயக்கனூரில் பால்சாமி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. மழை பால்சாமி என்று கேட்டுப் பாருங்கள், ஆட்டோக்காரர் வழிகூடக் கேட்காமல் கடை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இறக்கிவிடும்போது கொஞ்சம் சிரிக்கவும் செய்வார்.

பிழைப்புக்கு அவர் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார். புகைந்துபோன கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால், கருகிய செப்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். சுத்தமான வேலை. அவர் சுற்றிய கம்பி எரிந்துபோச்சு என்று தேவாரம் ஊர் வரைக்கும் வெள்ளாமை பார்க்கும் ஒரு சம்சாரி குறை சொன்னது கிடையாது. அதற்காக யாரும் அவரைப் புகழ்ந்ததும் கிடையாது. அவர் ஆசையெல்லாம் வேறிடத்தில் இருந்தது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு மழையை, ஒரே ஒரு தடவை, தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். சொன்னபடி அது வந்து இறங்க வேண்டும். ஊர் நனைந்துகொண்டே "பால்சாமி அப்பவே சொன்னாரப்பா" என்று சொல்ல வேண்டும். இதைவிடச் சின்ன ஆசை ஒரு மனுஷனுக்கு இருக்க முடியாது. அதுதான் நடக்கவே இல்லை.

முயற்சியில் குறை வைக்கவில்லை. போனில் நாலைந்து வானிலைச் செயலிகள். 'போடி மழை' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் ஏலக்காய் வியாபாரிகள், சம்சாரிகள், ஜீப்பு டிரைவர்கள், கல்யாண மண்டபக்காரர்கள் என்று நானூறு பேருக்கு மேல். குழுவுக்கு மூன்று தூண்கள். ஒன்று பால்சாமி. இன்னொன்று ஏலக்காய்க் கடை ஸ்டான்லி அண்ணாச்சி. மொட்டைமாடியில் மழை அளக்கும் குழாய் ஒன்றை நட்டுவைத்து, பெய்த மழையை மட்டும் அளந்து சொல்லி வம்பில்லாமல் இருந்தவர். மூன்றாவது, வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்க்கும் செழியன். அவர் அனுப்புவதெல்லாம் கலர் கலரான படங்கள். பால்சாமி மட்டும்தான் தினமும் மதியத்துக்கு மேல் தன் குரலிலேயே பேசி அனுப்புவார். "போடி மக்களே, வணக்கம்" என்று ஆரம்பிக்கும் அந்தக் குரலில் ஒரு கலெக்டர் தோரணை இருக்கும்.

சொன்னதுதான் நடக்காது. செயலியில் நீலம் கட்டிக்கொண்டு வரும். இவர் மழை என்பார். அந்த மேகம் மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போடிக்குக் காற்றை மட்டும் அனுப்பிவைக்கும். செயலியில் ஒன்றும் இருக்காது, வெயில்தான் என்பார். அன்றைக்குப் பார்த்து ஆட்டு உரலை நிரப்பிவிட்டுப் போகும். ஒருதடவை, இரண்டுதடவை என்றால் ஊர் மறந்திருக்கும். இவர் விடாமல் தவறியதால் ஊருக்கு அது ஒரு வசதியாகிவிட்டது. பால்சாமி மழை என்றால் பெண்கள் மிளகாயை மாடியில் காயப்போட்டார்கள். மழை இல்லை என்றால் மண்டபக்காரர் பந்தலுக்கு மேலே தார்ப்பாய் கட்டினார். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பால்சாமிக்கு இது தெரியும். தெரிந்தும் விடவில்லை. இத்தனை தடவை தவறியாச்சு, இனி சரியாகத்தான் வரும் என்பது அவர் கணக்கு.

அவரை முழுசாக நம்பியவர் ஜீப்பு ஓட்டும் சின்ராசுதான். தலைகீழாக நம்பினார், அவ்வளவுதான். மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள ஏலத்தோட்டங்களுக்குக் காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் மலை இறக்கிவிடுவது அவர் சோலி. மழை நேரத்தில் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் மேலேயிருந்து பாறை உருளும். போன வருஷம் முன்னால் போன ஜீப்பில் ஒரு கல் விழுந்து, டிரைவருக்கு ஒரு கால் போனதைச் சின்ராசு கண்ணால் பார்த்தவர். அதனால் சாயங்காலம் மலை இறங்குவதற்கு முன்னால் மெட்டில் டீ குடிக்கும்போது பால்சாமியின் குரலைப் போட்டுக் கேட்பார். மழை என்றால் வண்டியை எடுப்பார். மழை இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு இன்னொரு டீ சொல்லுவார்.

அந்த ஜீப்பில் தினமும் வந்துபோன பெண்களில் ஜக்கம்மாளும் ஒருத்தி. ஜக்கம்மாள், பால்சாமியின் மனைவி.

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். அன்றைக்குப் பொன்னுருகுகிற கட்டம் நடந்துகொண்டிருந்தது. காலையிலேயே செழியன் ஒரு படத்தைப் போட்டு, இன்று மாலை வறண்ட வானிலை என்று எழுதிவிட்டார். பால்சாமி வழக்கம்போலத் தானும் ஒன்று சொல்லியிருப்பார். ஆனால் மதியத்துக்குள் அவர் போனில் அன்றைய நெட்டு தீர்ந்துபோயிற்று. அந்தமான் பக்கம் உருவாகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு காற்றழுத்தத்தைக் காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்ததில் வந்த வினை. போதாக்குறைக்கு அவர் தெருவில் கரண்டும் போயிற்று. கடைக்குள் வெந்து சாக முடியாமல் காற்று வாங்க மாடிக்கு ஏறினார்.

ஏறியவர் தற்செயலாகத் தலையைத் தூக்கினார். மழை ஆர்வலர் ஆனபிறகு அவர் வானத்தைப் பார்த்ததே குறைவு. கைக்குள்ளேயே வானம் இருக்கும்போது கழுத்தை எதற்கு நோகடிக்க வேண்டும்?

பொட்டிபுரம் பக்கம் ஒரு மேகம் நின்றது. அடியில் சட்டிக்கரியாகக் கறுத்து, மேலே புளித்த மாவு பொங்கியதுபோல் பொங்கி, பார்க்கப் பார்க்க வளர்ந்தது. காற்று சுத்தமாக நின்றுவிட்டது. மேகம் மலையை ஒட்டிக்கொண்டு மெட்டுப் பக்கமாக நகர்ந்தது. உள்ளே எங்கேயோ ஒரு உறுமல் கேட்டது. இதைச் சொல்ல ஒரு நிபுணர் வேண்டாம், கண் இருந்தால் போதும். ஆனால் அந்த நேரத்தில் செழியன் ஏசி அறையில் மூன்று திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அண்ணாச்சி கடைக்குள் ஏலக்காய் சலித்துக்கொண்டிருந்தார், ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

பால்சாமிக்கு முதலில் வந்தது சந்தோஷம். கேட்டால் வெட்கப்படுவார், ஆனால் அதுதான் உண்மை. ஒருத்தருக்கும் தெரியாத மழை. அவருடைய மழை. என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பாதிப் படி இறங்கியவருக்கு அப்போதுதான் ஜீப்பு ஞாபகம் வந்தது. உடனே ஜக்கம்மாளுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் போன் எப்போதும் தூக்குவாளிப் பைக்குள், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, பத்திரமாகத் தூங்கும். சின்ராசுவுக்குப் போட்டார்.

"தம்பி, கீழ எறங்காத. பெருசா இடிமழை ஒண்ணு மெட்டப் பாத்து வந்துக்கிட்டிருக்கு. என் கண்ணால பாத்தேன்."

மறுமுனையில் ஜீப்பு உறுமியது. சின்ராசு பின்னால் திரும்பிச் சத்தமாகச் சொன்னது இவர் காதில் விழுந்தது: "அண்ணன் மழை வருதுங்கிறாரு!" ஜீப்பு முழுக்கப் பெண்கள் சிரித்தார்கள். அதில் ஜக்கம்மாளின் சிரிப்பும் இருந்தது; அதை அவர் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்.

"ரொம்ப சந்தோசம்ணே," என்றார் சின்ராசு. "அப்ப தைரியமா எறங்கலாம். தோட்டத்துல இருந்து கெளம்பிட்டோம். மெட்டுல ஒரு டீயப் போட்டுட்டு வெரசா வந்துர்றோம்."

"டேய், நெசமாச் சொல்றேன்டா!"

"நீங்க என்னைக்கிண்ணே பொய் சொல்லியிருக்கீங்க," என்று அவர் வைத்துவிட்டார். மறுபடி போட்டால் எடுக்கவில்லை.

பால்சாமி செருப்புகூடப் போடாமல் இரண்டு தெரு ஓடினார். ஸ்டான்லி அண்ணாச்சி கடையில் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன பால்சாமி, நாய் வெரட்டுதா?"

இவர் அவரைத் தோளைப் பிடித்து வாசலுக்கு இழுத்து, மேலே காட்டினார். அண்ணாச்சி அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். "ஆண்டவரே, இது எப்ப வந்துச்சு? செழியன் ஒண்ணும் இல்லன்னாரே?"

"அண்ணாச்சி, ஒங்க நெட்டக் குடுங்க. குரூப்புல சொல்லணும்."

"சொல்லுங்க, சொல்லுங்க! இன்னிக்கு நீங்கதான் ராசா. நாலு பேரு வாய அடைச்சிரலாம்."

போனை வாயருகே கொண்டுபோனார். "போடி மக்களே, வணக்கம்" என்று ஆரம்பித்தார். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டையில் தயாராக நின்றது. சொல்லிவிட்டால், இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே அவரைக் கொண்டாடும். சின்ராசுவும் மெட்டில் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பார். பால்சாமி பேசியதை அனுப்பாமல் அழித்துவிட்டுப் போனை இறக்கினார்.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணாச்சி.

"மழைன்னு சொன்னா எறங்கிருவாய்ங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. பால்சாமி மறுபடி போனைத் தூக்கினார். பின்னால் இடிக்கும் இடி குரலோடு பதிந்துவிடக் கூடாது என்று, அது அடங்கியபிறகே அழுத்திப் பேசினார். கலெக்டர் தோரணையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"போடி மக்களே, வணக்கம். இன்னிக்குச் சாயங்காலம் மழைக்கு வாய்ப்பே இல்ல. மலையிலயும் இல்ல, மெட்டுலயும் இல்ல. முன்னாடி சிலபேருகிட்ட மழைன்னு சொல்லியிருந்தேன், அத வாபஸ் வாங்கிக்கிறேன். ஒரு பொட்டுக்கூட விழாது. இதுக்கு நான் பொறுப்பு. தைரியமா இருங்க."

அனுப்பிவிட்டு, ஏலக்காய் மூட்டை மேல் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டிருப்பாய்ங்களா அண்ணாச்சி?" என்று நாலைந்து முறை கேட்டார். அண்ணாச்சி ஜெபம் பண்ணினார். பால்சாமியும் தன் குலசாமியைக் கூப்பிட்டார். அவருக்கு அன்றைக்கு எந்தச் சாமியிடமும் மனஸ்தாபம் இல்லை.

பிறகு வந்தது பாருங்கள் மழை! மலை மறைந்தது, எதிர்க்கடை மறைந்தது. இடி விழுந்த சத்தத்தில் தெருநாய்கள் கடைக்குள் வந்து இருவர் காலடியிலும் படுத்துக்கொண்டன. குழுவில் அதைவிடப் பெரிய மழை கொட்டியது. சாக்கடை பொங்கி ஓடும் வீடியோவைப் போட்டு 'இதுதான் அண்ணன் சொன்ன ஒரு பொட்டு' என்றார் ஒருவர். 'பொறுப்பு ஏற்றவர் வந்து என் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரை இறைக்கவும்' என்றார் இன்னொருவர். 'எந்தக் கணினி மாதிரியும் காட்டாத திடீர் இடிமழை, தவறுக்கு வருந்துகிறேன்' என்று செழியன் நாகரிகமாக எழுதினார். என்ன நேர்மை, என்ன பெருந்தன்மை என்று அவரை ஐம்பது பேர் பாராட்டினார்கள்.

பால்சாமி ஒன்றையும் படிக்கவில்லை. போடிமெட்டுப் பாதையில் பாறை விழுந்து போக்குவரத்து நின்றுவிட்டது என்ற ஒரு செய்தியை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பாறைக்கு மேலே யார், கீழே யார் என்று அதில் இல்லை.

பாறையை அகற்றி வழிவிட்டு, இருட்டிய பிறகு ஜீப்பு கடை வாசலுக்கு வந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஒருத்தி சேலையும் நனைந்திருக்கவில்லை. ஜக்கம்மாளைக் கண்டதும் பால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, இவ்வளவு நேரமா என்று அவளை அதட்டினார்.

சின்ராசு ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க நல்லா இருக்கணும். மொதல்ல மழைன்னு சொன்னீங்க, கெளம்பிட்டேன். அப்பறம் நீங்களே இல்லன்னு மாத்துனீங்க பாருங்க, அதுலயும் பொறுப்புன்னு வேற சொல்லிட்டீங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. வண்டிய மெட்டுலயே ஓரங்கட்டிட்டேன். பாறை விழுந்த எடத்துல அந்நேரம் நாங்கதாண்ணே இருந்திருக்கணும். ஒங்க வாக்கு ஒரு நாளும் தப்பாது!"

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். பால்சாமியும் சிரித்துவைத்தார்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே ஜக்கம்மாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவருக்குப் பொறுக்கவில்லை. "ஏ, மழை வரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்பிடிச் சொன்னேன்," என்றார்.

"ஆமா," என்றாள் அவள், குழம்பை ஊற்றிக்கொண்டே. "பெஞ்சு முடிஞ்ச பொறவு எல்லாருந்தான் தெரியும்பாக. பேசாமச் சாப்பிடுங்க." அவர் பேசாமல் சாப்பிட்டார். மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனால் எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள், அதனால் சோறு இறங்கியது.

மறுநாள் காலையில் அவர் கடையைத் திறப்பதற்கு முன்னாலேயே ஸ்டான்லி அண்ணாச்சி வாசலில் நின்றார். இரவெல்லாம் தூங்காத முகம். கையில் போன்.

"பால்சாமி, எனக்கு மனசு கேக்கல. ஊரே ஒங்களக் கேலி பண்ணுது. நடந்தது எல்லாத்தையும் எழுதிட்டேன், நான் சாட்சி. அனுப்பட்டுமா?"

பால்சாமி அந்தப் போனை வாங்கிப் படித்தார். அண்ணாச்சி நன்றாக எழுதியிருந்தார். யாருக்கும் தெரியாத மழையைப் பால்சாமி முதலில் கண்டார் என்றே முதல் வரி இருந்தது. அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன பண்ணீட்டீங்க!"

"வேணாம் அண்ணாச்சி. இது தெரிஞ்சா, அடுத்த வாட்டி நான் சொல்றத அப்பிடியே எடுத்துக்கிறதா, திருப்பி எடுத்துக்கிறதான்னு சின்ராசு கொழம்பிருவான். ஜக்கம்மா இன்னிக்கும் அந்த ஜீப்புலதான போயிருக்கா."

அண்ணாச்சி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அப்ப இன்னிக்கு என்ன போடப் போறீங்க?" என்று கேட்டார்.

பால்சாமி தெருவில் இறங்கினார். நடுவில் நின்று, மலைப் பக்கம், பொட்டிபுரம் பக்கம், தேவாரம் பக்கம் என்று ஒவ்வொரு திசையாகத் திரும்பி, கண்ணுக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார். எங்கேயும் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

"நல்லாத் தெளிஞ்சிருக்கு," என்றார். "மழைன்னு சொல்லீர வேண்டியதுதான்."