குடிக்காமப் போன சொம்புத் தண்ணி

ஓசூர்ல பேக்டரி கட்டறதுக்குச் சங்கிலி போட்டு நெலம் அளந்தாங்க பாரு, அந்த வருசம்தான். வேல கெடைக்கும்னு எங்க ஆளுங்கல்லாம் அங்க ஓடுனானுங்க. பேரிகை பக்கத்துல எங்க ஊருக்குக் கெணறு வெட்ட ஆளில்ல. அப்ப வந்தவன்தான் அந்த ஜெர்மனிக்காரப் பையன். சம்பளம் கெடையாது, சேவைக்குன்னு வந்தவன். எங்க வூட்டு முன்ரூம்புல தங்கி, எங்ககூட கடப்பாறை புடிச்சான். தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணையும் கலந்துதான் பேசுவான். "நீ எந்த ஊருக்குப் போனாலும் உன்ன அடுத்த ஊர்க்காரன்னு நெனைப்பாங்க"ன்னு என் சம்சாரம் கேலி பண்ணும்.

கெணறு பாறையில போயி நின்னுருச்சு. தண்ணியில்ல. பொம்பளைங்க ஏரி தாண்டிப் போயிதான் கொடம் தூக்கிட்டு வரணும். அந்த வருசம் ஏரிக்குள்ளயே மாடு மேஞ்சுது. சரி, அது கெடக்கட்டும். தண்ணியப் பாத்துட்டுத்தான் போவேன்னு சொல்லிட்டே இருந்தான். ஆனா அவனுக்கு இங்க இருக்கக் குடுத்த கெடு முடிஞ்சிருச்சு.

கெளம்ப வேண்டியது வெள்ளிக்கெழம. அன்னிக்கு மேக்கால சூலம், பெங்களூர்ப் பக்கம் போகக்கூடாது. அதுக்கும் ஒரு வழி இருக்குது. முன்னாடியே நல்ல நேரம் பாத்து மூட்டைய இன்னொரு வூட்ல வெச்சுட்டா, பயணம் அப்பவே கெளம்புன மாதிரி. புதன்கெழம அவன் பையத் தூக்கிட்டுப் போயி, புளி யாவாரம் பண்ற பாய் வூட்ல வெச்சேன். அப்படி வெச்ச பை திரும்ப வூட்டுக்கு வரக்கூடாது.

வியாழக்கெழம காலைல, "அண்ணா, நானு இன்னொரு வாட்டி எறங்கறேன்"னான். வேலைத்துணியெல்லாம் பையோட போயிருச்சு. என் லுங்கியக் குடுத்தேன். மடிச்சுக் கட்டிக்கிட்டுப் பொழுதுக்கும் கல்லு ஒடச்சான். பாய் கெணத்து மேட்டுல நின்னு, "என்ன மாப்ள, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?"ன்னு கேட்டாரு. கீழருந்து கல்லு ஒடைக்கற சத்தம்தான் வந்துச்சு. பொழுது எறங்குனப்ப ஏறி வந்து ரெண்டு கையயும் விரிச்சுக் காட்னான். வெறும் கல்லுப்பொடி.

மறுநா பஸ்ஸுக்குக் கெளம்பறப்ப என் சம்சாரம் சொம்புல தண்ணி நீட்டுச்சு. தண்ணி குடிக்காம எங்க வூட்லருந்து யாரும் பயணம் போனதில்ல. அவன் வாங்கல.

"வேணா அக்கா. நீங்க தலையில சொமந்த தண்ணி."

"ஒரு வாய்ல கொடமா காலியாயிரும்? குடி சாமி."

"நம்ம கெணத்துல வரட்டும். அப்ப குடிக்கறேன்."

என் சம்சாரம் சொம்பப் புடிச்சுக்கிட்டே நின்னுச்சு. பாய் பையக் கொண்டாந்து பஸ்ல ஏத்துனாரு. அவன் சன்னல்ல ஒக்காந்து எங்களப் பாக்கல, கெணத்துப் பக்கமே பாத்துட்டு இருந்தான்.

மழைக்கு முன்னாடி, அவன் ஒடச்ச எடத்துக்குக் கொஞ்சம் தள்ளி வேட்டு வெச்சோம். ஊத்து பீச்சிருச்சு. மொதச் சொம்ப மொண்டது என் சம்சாரந்தான். குடிக்கல. அவன் படுத்திருந்த ரூம்புல கொண்டுபோயி வெச்சுச்சு. சாயங்காலம் எடுத்து முருங்கைக்கு ஊத்துச்சு. அவனுக்குச் சொல்லலாம்னா எங்களுக்கு எழுத்தும் தெரியாது, வெலாசமும் தெரியாது. சாகற வரைக்கும் அது என்னக் கேட்டுட்டே இருந்துச்சு, "அந்தப் பையனுக்குத் தெரியுமோ தெரியாதோ"ன்னு.

அவனும் இப்பக் கெழவனாயிருப்பான். நீங்க யாராச்சும் அந்த நாட்டுப் பக்கம் போனா, பேரிகைல கெணறு வெட்டுனவன் ஒருத்தன் இருக்கானான்னு விசாரிங்க. தண்ணி வந்துருச்சு, உப்பு இல்லன்னு சொல்லிருங்க.